"எழுத்துல குடுங்க சார்": போலீஸ் வாயால் சொல்வதெல்லாம் உத்தரவா?

கேள்வியை அனுப்பியவர் ஓர் அக்கா. சூளைமேட்டில் இருக்கும் அவருடைய தம்பிக்கு 23 வயது, சாப்பாடு டெலிவரி வேலை. இரவு 11.30 மணிக்குக் கடைசி ஆர்டரை முடித்துவிட்டுத் திரும்பும்போது வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. ஆனாலும் வண்டிச் சாவியை உருவிக்கொண்டார்கள். போனை லாக் எடுத்துக் காட்டச் சொல்லி வாட்ஸ்அப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்கள். "ஏன் சார்?" என்று கேட்டதற்கு ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வா" என்று சொல்லிவிட்டார்கள். இப்படியெல்லாம் செய்யச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டா, தம்பி முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அக்காவின் கேள்வி.

அந்த நான்கு விஷயங்களும் நடந்த விதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தம்பி அந்த இடத்திலேயே மல்லுக்கு நின்றிருந்தால், இப்போது நீங்கள் என்னிடம் ஜாமீன் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்த இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். எழும்பூர் கோர்ட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக வக்கீலாக இருக்கிறேன். உரிமை தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன், உரிமையை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ரோட்டில் வாதாடி மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகைக்கு ஜாமீன் வாங்குவதுதான் கஷ்டம்.

முதலில் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2024 ஜூலை 1-லிருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. வாயில் நுழையாத பெயர் என்பதால் கோர்ட்டில் எல்லோரும் பி.என்.எஸ்.எஸ். என்றுதான் சொல்கிறோம். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்., வந்திருக்கிறது. "போலீஸ் சொன்னா கேட்டே ஆகணும்னு புதுச் சட்டத்துலயே இருக்கு" என்று ஸ்டேஷனில் யாராவது சொன்னால், அவர் சொல்வது பி.என்.எஸ்.எஸ். 172-வது பிரிவை. பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் அதில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டுச் சொல்கிறார். குற்றம் நடக்காமல் தடுக்கும் பணியில் ஒரு போலீஸ் அதிகாரி கொடுக்கும் 'சட்டப்படியான' அறிவுறுத்தலுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கட்டுப்படாதவரை அப்புறப்படுத்தலாம், பிடித்தும் வைக்கலாம். ஆனால் பிடித்தால் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும், அல்லது சின்ன விஷயமாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் கூடிய சீக்கிரம் விட்டுவிட வேண்டும்.

மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று மாட வீதிக்குள் வண்டியை விடாதே என்றால் அது சட்டப்படியான அறிவுறுத்தல். தீப்பிடித்த கட்டடத்துப் பக்கம் போகாதே என்றாலும் அப்படித்தான். மறுத்துப் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். போனை அன்லாக் பண்ணு என்பது இந்த வகையில் வராது. "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா" என்பதும் வெறும் வாய்ச்சொல்லாக இருக்கும்வரை வராது.

சரி, சட்டப்படியில்லாத உத்தரவு என்றால் எதிர்க்கலாம்தானே என்று கேட்பீர்கள். வாயால் கேள்வி கேட்கலாம், கையால் எதிர்க்கக் கூடாது. பி.என்.எஸ். 37-வது பிரிவைப் பலரும் கவனிப்பதே இல்லை. ஓர் அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு, தன் பதவியின் பேரில் செய்யும் செயல் சட்டத்துக்குச் சரியாகப் பொருந்தாமல் இருந்தாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயப்பட நியாயம் இல்லாதவரை, அதற்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது என்று அது சொல்கிறது. அதாவது அவர் சாவியைப் பிடுங்கியது தவறாகவே இருந்தாலும், நீங்கள் அவர் கையைத் தட்டிவிட்டால் கதை மாறிவிடும். "அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக" என்று பேப்பரில் படிக்கிறோமே, அது 221-வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை. அதோடு 'கை வைத்தான்' என்று 132-ஐச் சேர்த்துவிட்டால் இரண்டு வருஷம் வரை, ஜாமீனில் விட முடியாத பிரிவு. தம்பியின் கை அந்த அதிகாரியின் சட்டைப் பொத்தானில் பட்டதா இல்லையா என்று ஆறு மாதம் கழித்து நாங்கள் கோர்ட்டில் விவாதித்துக்கொண்டிருப்போம். அதற்குள் வேலை போயிருக்கும்.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது ஒரே ஒரு வாக்கியம்தான்: "எழுத்துல குடுங்க சார்." கையைக் கட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். சட்டப்படியான உத்தரவு ஒவ்வொன்றுக்கும் ஸ்டேஷனில் ஒரு பேப்பர் உண்டு. சம்மன், நோட்டீஸ், மகஜர் (சாட்சிகளை வைத்து எழுதும் குறிப்பு), ரசீது, கைது குறிப்பாணை என்று எல்லாமே பேப்பர்தான். சட்டப்படியில்லாத உத்தரவுக்குப் பேப்பர் இருக்காது, எழுதிக் கொடுத்தால் எழுதியவரே மாட்டிக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியும்.

இனி நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வண்டி. யூனிஃபார்மில் இருக்கும் எந்தப் போலீஸ் அதிகாரி கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். "ஒரிஜினல் எங்க?" என்று கேட்பவரிடம் மத்திய மோட்டார் வாகன விதி 139-ஐப் பணிவாக நினைவுபடுத்தலாம். வண்டியையே பிடித்து வைக்க 207-வது பிரிவு இருக்கிறது, ஆனால் அதற்கான காரணங்கள் குறிப்பிட்டவை. லைசென்ஸ் இல்லாமல் அல்லது வயது வராமல் ஓட்டுவது, பதிவு இல்லாத வண்டி, பெர்மிட் வேண்டிய வண்டி பெர்மிட் இல்லாமல் ஓடுவது, இந்த மாதிரி. ஹெல்மெட் போடாததற்கு அபராதம் 1,000 ரூபாய் உண்டு, வண்டியை எடுத்துக்கொள்ள 207-இல் இடமில்லை. ஓடும் வண்டியில் கையை நீட்டிச் சாவியை உருவச் சொல்லும் பிரிவு எதுவுமே இல்லை. குடித்துவிட்டு ஓட்டினால் மட்டும் விஷயம் வேறு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-வது பிரிவு, வாரண்ட் இல்லாமலே கைதும் செய்யலாம், ஊதச் சொன்னால் ஊதத்தான் வேண்டும். தம்பிக்கு இதெல்லாம் பொருந்தாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

போன். கே.எஸ். புட்டசாமி வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு வழக்கின் புலன் விசாரணைக்குப் போன் தேவை என்றால், எழுத்துப்பூர்வ உத்தரவு கொடுத்து ஒப்படைக்கச் சொல்லலாம், பி.என்.எஸ்.எஸ். 94-இல் மின்னணுக் கருவிகளையும் இப்போது சேர்த்திருக்கிறார்கள். கைப்பற்றினால் அதற்குக் குறிப்பு எழுத வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். புதுச் சட்டத்தில் 105-வது பிரிவு சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. வழக்கே இல்லாமல், நடுரோட்டில், உன் வாட்ஸ்அப்பைக் காட்டு என்பதற்கு எந்தப் பிரிவும் கிடையாது. "திருட்டுப் போனான்னு பாக்கறோம்" என்பார்கள். அதற்கு ஐ.எம்.இ.ஐ. நம்பர் போதும். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தினால் திரையில் வந்துவிடும், அதைக் காட்டலாம். கல்யாண ஆல்பத்தையும் காதலியின் மெசேஜையும் காட்ட வேண்டியதில்லை. தம்பி லாக் எடுத்துக் கொடுத்துவிட்டான் என்பதற்காக அவனைத் திட்டாதீர்கள். ராத்திரி நேரத்தில் நான்கு பேர் சுற்றி நிற்கும்போது யாரும் அதைத்தான் செய்வார்கள்.

ஸ்டேஷனுக்கு வரச் சொல்வதுதான் இந்த ஊரில் தினமும் நடப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

போலீஸ் ஒருவரை விசாரணைக்கு அழைக்க இரண்டு வழிதான் உண்டு. சாட்சியாக, விஷயம் தெரிந்தவராக அழைத்தால் பி.என்.எஸ்.எஸ். 179, பழைய சட்டத்தில் 160. சந்தேக நபராக அழைத்தால் 35-இன் மூன்றாம் உட்பிரிவு, பழைய 41-ஏ. இரண்டுமே எழுத்தில்தான். 179-இல் இன்னும் நிபந்தனைகள் உண்டு. புலன் விசாரணை ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும். அழைக்கப்படுபவர் அந்த ஸ்டேஷன் எல்லையிலோ பக்கத்து ஸ்டேஷன் எல்லையிலோ இருக்க வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும், 60 வயது தாண்டிய ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடுமையான நோயில் இருப்பவர்களையும் அவர்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. பழைய சட்டத்தில் 65 என்று இருந்த வயது இப்போது 60 ஆகியிருக்கிறது. இது பல ஸ்டேஷன்களில் இன்னும் போய்ச் சேரவில்லை என்பது என் அனுபவம். அம்மாவை ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு வா என்று சொன்னால், இங்கேயே வந்து விசாரியுங்கள் என்று தாராளமாகச் சொல்லலாம்.

சந்தேக நபருக்குக் கொடுக்கும் 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாக உத்தரவிட்டது. ஆனால் அப்படி முறையாக ஒரு நோட்டீஸ் கையில் வந்துவிட்டால் போகாமல் இருக்காதீர்கள். நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு வருபவரைக் கைது செய்ய வேண்டுமானால் அவர்கள் காரணம் எழுத வேண்டும். வராதவரைக் கைது செய்ய அதுவே காரணமாகிவிடும்.

இதெல்லாம் சட்டம். நடைமுறையில் சென்னையில் 'பெட்டிஷன் என்கொயரி' என்று ஒரு தனி உலகம் இருக்கிறது. யாரோ ஒரு மனு கொடுப்பார். எஃப்.ஐ.ஆர். கிடையாது, மனு வந்து சேர்ந்தது என்பதற்கு சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது போடுவார்கள், சில சமயம் அதுவும் கிடையாது. அப்புறம் ஒரு போன் வரும்: "ஐயா கூப்பிடறாரு, வந்துட்டுப் போ." வாடகை பாக்கி, கைமாற்று, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியது முக்கால்வாசி இங்கேதான் வந்து நிற்கும். போலீஸ் கட்டப் பஞ்சாயத்து செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த மாதிரி மனுக்களில் உயர் நீதிமன்றம் வழக்கமாகப் போடும் உத்தரவு ஒன்று இருக்கிறது. தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுத்தில் சம்மன் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும், நடந்த விசாரணையை ஸ்டேஷன் டைரியில் பதிய வேண்டும், அழைக்கப்பட்டவரைத் துன்புறுத்தக் கூடாது, ஆரம்பகட்ட விசாரணைக்கு, எஃப்.ஐ.ஆர். எப்போது போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கிய லலிதா குமாரி வழக்குத் தீர்ப்பைப் பின்பற்ற வேண்டும் என்று. அந்த உத்தரவின் நகலைப் பையில் வைத்திருக்காத வக்கீல் எழும்பூரில் குறைவு.

வரச் சொல்லக் கூடாது என்று சட்டம் சொல்லும் ஒருவரை வேண்டுமென்றே வரச் சொல்லும் அதிகாரிக்கே பி.என்.எஸ். 199-இல் தண்டனை உண்டு, குறைந்தது ஆறு மாதம். இந்தப் பிரிவில் யாராவது உள்ளே போனார்களா என்று கேட்காதீர்கள். ஆனால் மனுவில் அந்த நம்பரைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டரின் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி வெள்ளைத் தாள். தம்பி விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இது மட்டும்தான்.

பி.என்.எஸ்.எஸ். 181-வது பிரிவு சொல்வது எளிமையானது: புலன் விசாரணையில் போலீஸிடம் ஒருவர் சொல்வதை எழுதினால், அதில் அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. எழுதிய வாக்குமூலத்துக்கே கையெழுத்து கூடாது என்றால் எழுதாத தாளுக்கு எங்கே போவது? கையெழுத்துப் போட வேண்டிய தாள்களும் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளக் கூடாது. நீங்களே கொடுக்கும் புகார், சாட்சியாக நின்ற மகஜர், கைதானால் அந்தக் குறிப்பாணை, நோட்டீஸ் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல். இவற்றில் எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவீர்கள்.

சில வருஷத்துக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவர், இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா, கடைக்குப் பக்கத்தில் நடந்த ஏதோ ஓர் அடிதடிக்காக ஒரு ஸ்டேஷனுக்கு அழைக்கப்பட்டார். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். பெண்ணை அழைத்ததே தப்பு, ஆனால் அவர் என்னிடம் சொல்லாமல் போய்விட்டார். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஒரு காலித் தாளை மேஜையில் தள்ளி, "கீழ கையெழுத்துப் போடும்மா, மேல நாங்க எழுதிக்கறோம்" என்றிருக்கிறார். அந்த அம்மா ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவர். தாளைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தார். கடையில் கடன் நோட்டு எழுதிப் பழகிய கை. தேதியைப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 10.40 என்று நேரத்தையும் போட்டு, "இந்தத் தாளில் எதுவும் எழுதவில்லை" என்று நிதானமாக எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். ரைட்டர் அதை வாங்கிப் பார்த்தார், இரண்டாகக் கிழித்தார், "நீ போம்மா" என்றார். சட்டக் கல்லூரியில் யாரும் எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன். மறுக்க முடியாத நிலையில் இருந்தால் காலியிடம் முழுக்க ஒரு கோடு இழுத்துவிட்டு, தேதி, நேரம் போட்டு, தாள் காலி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

தம்பி ஏற்கெனவே போட்டுவிட்டான் அல்லவா. அதற்கு மாற்று, இன்றைக்கே ஒரு புகார். கீழே சொல்கிறேன்.

கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டுமா என்று அடுத்துக் கேட்பார்கள். பெயரும் விலாசமும் சொல்லிவிடுங்கள், அதில் பிகு செய்வதால் லாபம் இல்லை. போலீஸ் முன்னாலேயே செய்த சின்னக் குற்றத்துக்குக்கூடப் பெயர் சொல்ல மறுத்தால் கைது செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. மற்றபடி சாட்சியாகக் கேட்டால் உண்மையான பதில் சொல்ல வேண்டும், ஆனால் தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் தேவையில்லை. அரசியல் சாசனம் 20(3). ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அவரை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதையும் அந்தத் தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார், பெண்ணை எப்படி அங்கே வரச் சொல்லலாம் என்று. முன்னாள் முதலமைச்சருக்கே அந்த நிலை என்றால் இட்லிக் கடை அம்மாவுக்கு என்ன நடக்கும்.

கைது என்று வந்துவிட்டால் ஆட்டம் வேறு. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட நிபந்தனைகள் இப்போது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கைது செய்பவர் பெயர் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுதி, குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதி ஆள் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க அனுமதிக்க வேண்டும், முழு நேரமும் இல்லாவிட்டாலும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தை, எந்த வழக்காக இருந்தாலும், அவருக்குப் புரியும் மொழியில் எழுத்திலேயே தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே தர முடியாத நிலை என்றால்கூட ரிமாண்டுக்கு நிறுத்த இரண்டு மணி நேரம் முன்பாவது. மாஜிஸ்திரேட் "அடிச்சாங்களா?" என்று கேட்கும்போது வாயைத் திறக்க வேண்டும். சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்டு 2020 ஜூனில் அந்த அப்பாவும் மகனும் செத்த பிறகு இதை நான் யாருக்கும் விளக்க வேண்டியிருப்பதில்லை.

பெண்களைச் சூரியன் மறைந்த பின் உதயத்துக்கு முன் கைது செய்யக் கூடாது, விதிவிலக்கான சமயத்தில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, 2025-இல் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு இதைக் கட்டாயம் அல்ல, வழிகாட்டுதல் என்று சொன்னது. மீறினால் கைது தானாகவே செல்லாமல் போகாது, அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டும். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை, ஆனால் இப்போதைக்கு நிலைமை இதுதான்.

கடற்கரையில் ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களிடம் "அப்பா நம்பர் குடு" என்று கேட்பது இந்த ஊரின் பழைய வியாதி. இருவரும் 18 வயது தாண்டியவர்கள் என்றால் சேர்ந்து உட்கார்ந்திருப்பது குற்றமில்லை. கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஹோட்டலில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டமே இல்லை என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அப்புறம் மணலில் உட்காருவதற்கு என்ன. இங்கே காட்டும் பூச்சாண்டி பெரும்பாலும் 'செவன்டி ஃபைவ்', அதாவது 1888-ஆம் வருஷத்துச் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 75-வது பிரிவு. பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை, அநாகரிகமான நடத்தை என்பதற்கான பெட்டி கேஸ், அதாவது சில்லறை வழக்கு. அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டுவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு பாஸ்போர்ட், அரசு வேலை என்று வரும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

ஆர்ப்பாட்டம் செய்தவர்களுக்கு ஒரு வரி. தடையை மீறியதாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 188, இப்போதைய பி.என்.எஸ். 223, போட்டு போலீஸே எஃப்.ஐ.ஆர். பதிய முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் புகார்தான் கொடுக்க முடியும் என்று ஜீவானந்தம் வழக்கில் 2018-இல் உயர் நீதிமன்ற மதுரை அமர்வு தீர்ப்பளித்து அப்படிப் போட்ட வழக்கை ரத்து செய்தது.

வீடியோ எடுக்கலாமா? பொது இடத்தில் போலீஸ் வேலை செய்வதைப் படம் எடுக்கத் தடை சொல்லும் சட்டம் இல்லை. ஆனால் தம்பியே எடுப்பதைவிட, பத்தடி தள்ளி நிற்கும் நண்பன் எடுப்பது நல்லது. முகத்துக்கு நேரே போனை நீட்டினால் பிடுங்குவார்கள், பிடுங்கினால் இழுப்பான், இழுத்தால் 132.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இப்போது வாரம் ஒருவராவது இதோடு வருகிறார்கள். யூனிஃபார்ம் போட்ட ஒருவர் வீடியோ காலில் வந்து, உங்கள் ஆதாரில் போதைப் பார்சல் வந்திருக்கிறது, கேமராவை அணைக்காதே, அறையை விட்டு வெளியே போகாதே, பணத்தை 'சரிபார்க்க' இந்தக் கணக்குக்கு அனுப்பு என்பார். டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. போனை வைத்துவிட்டு 1930-க்கு அழையுங்கள். ரிடையர் ஆன ஆசிரியர்களும் பேங்க் மேனேஜர்களும் இதில் சேமிப்பைத் தொலைத்திருக்கிறார்கள். போலீஸ் எது சொன்னாலும் செய்துவிட வேண்டும் என்ற பழக்கம்தான் திருடனுக்கு முதலீடு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. என் சீனியர் காலத்தில் யாரையாவது போலீஸ் அழைத்துப் போய்விட்டார்கள் என்று குடும்பம் ஓடி வந்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி, "தந்தி குடுத்துட்டியா?" கமிஷனருக்கும் முதலமைச்சருக்கும் ஒரு தந்தி. அதை யாரும் படித்து உருகிவிடுவார்கள் என்பதற்காக இல்லை. எத்தனை மணிக்கு ஆளைக் கூட்டிப் போனார்கள் என்பதற்குத் தபால் இலாகாவின் முத்திரையோடு ஒரு நேரம் கிடைத்துவிடும். ஸ்டேஷன் ரெக்கார்டில் மறுநாள் சாயங்காலம் கைது என்று எழுதினால் தந்தி குறுக்கே நிற்கும். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது எழும்பூரில் பழைய வக்கீல்கள் நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். இப்போது அந்த வேலையை ஈமெயில் செய்கிறது.

ஆகவே தம்பியை உட்கார வைத்து, நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதச் சொல்லுங்கள். எந்த ரோடு, எந்தத் திருப்பம், எத்தனை மணி, பெயர்ப் பட்டையில் என்ன இருந்தது, ரோந்து வண்டி நம்பர் ஞாபகம் இருந்தால் அது, எத்தனை பேர். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், அதில் எதை எழுதினாலும் என்னைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். வேப்பேரியில் இருக்கும் கமிஷனர் அலுவலகத்துக்கும் அந்தச் சரகத் துணை கமிஷனருக்கும் (டி.சி.) இன்றைக்கே ஈமெயிலில் அனுப்பி, ஒரு நகலை விரைவு அஞ்சலிலும் போடுங்கள். டெலிவரி ஆப்பில் அந்த நேரத்து ஆர்டரும் ஜி.பி.எஸ். பதிவும் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதை மாதிரி சாட்சி கிடைக்காது.

இதற்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால் மாநில மனித உரிமை ஆணையம் கிரீன்வேஸ் ரோட்டில் இருக்கிறது. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை. அவர்கள் பரிந்துரைதானே செய்வார்கள் என்று முன்பு அலட்சியமாகச் சொல்வதுண்டு. அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்ன பிறகு அந்தப் பேச்சு குறைந்திருக்கிறது. ஸ்டேஷனுக்குள் ஏதாவது நடந்தால் சி.சி.டி.வி. பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி உடனே எழுத வேண்டும். 2020-இல் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொன்னது, பதிவை 18 மாதம் வைத்திருக்கச் சொன்னது. கேட்கத் தாமதித்தால் "கேமரா ரிப்பேர்" என்ற பதில் வரும். ஆளையே காணோம் என்றால் யோசிக்காமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. பணம் இல்லையென்றால் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குப் போகலாமா வேண்டாமா? சட்டப்படி போக வேண்டியதில்லை. ஆனால் நான் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் போவேன், தனியாகப் போக மாட்டேன். நீங்களோ தெரிந்த வக்கீலோ கூடப் போங்கள். அனுப்பிய புகாரின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும், நேற்று வரச் சொன்னீர்கள், எந்த வழக்கு, எந்தப் பிரிவு, சம்மன் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று கேளுங்கள். பெரும்பாலும் "சும்மாதான்மா, போங்க" என்பார்கள். போன நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் குறித்து, வெளியே வந்தவுடன் அதே ஈமெயிலுக்குக் கீழே இரண்டு வரி சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால், வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது என்றால், கைப்பற்றியதற்கு ரசீது கேளுங்கள், இல்லையென்றால் வண்டியை விடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஸ்பேர் சாவியைப் போட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சொந்த வண்டியைத் திருடியதாக ஒரு கட்சிக்காரர் இப்போதும் எனக்காக வராந்தாவில் காத்துக்கொண்டிருக்கிறார்.